நண்டு அப்பிளும் கிணற்றடி ஜம்புவும்

அண்ணா கனடாவில் வீடு வாங்கின புதிதில், முன்முற்றத்தில் நிற்கும் மரத்தின் பெயரைத் தொலைபேசியில் சொன்னார். கிராப் அப்பிள். அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "கிராப் எண்டால் நண்டெல்லோ? அதென்ன நண்டு அப்பிள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மரத்துக்கு அதுதான் பெயர். "தின்னலாமோ?" என்பது அடுத்த கேள்வி. "தின்னலாம், புளிக்கும். அதுக்கு வைக்கிறேல்லை அம்மா, பூவுக்கு வைக்கிறது" என்றார் அண்ணா. அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டு, "பூவுக்கு ஒரு மரம். அங்கை தண்ணி மிச்சமாக் கிடக்குதாக்கும்" என்றபடி அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இருப்பது கிளிநொச்சியில், கண்டாவளைப் பக்கம். போர் முடிந்து 2010 இல் திரும்பி வந்தபோது வளவில் நின்றவை தலைபோன இரண்டு தென்னையும் ஒரு வேம்பும்தான். தறப்பாளுக்குள் இருந்துகொண்டு முதலில் நட்டது முருங்கைத் தடி, பிறகு வாழை, பிறகு தென்னம்பிள்ளை. எல்லாம் வயிற்றுக்கு ஆகிறவை. ஆடி ஆவணியில் கிணறு அடிக்கு இறங்கிவிடும், தண்ணீரும் கொஞ்சம் உவர்க்கும். அந்த நாட்களில் ஒரு வாளித் தண்ணீரை எந்த மரத்தின் காலில் ஊற்றுவது என்பதில் வீட்டுக்குள் சண்டையே வரும்.

2012 இல் ஒரு ஜம்புக் கன்றை வாங்கிவந்து கிணற்றடியில் வைத்தேன். சிவந்த, தண்ணீர்ச் சாறான பழம் தருகிற மரம். குளிக்கிற தண்ணீர் வழிந்து ஓடுகிற இடம், தனியாக ஊற்றத் தேவையில்லை என்பதால் யாரும் மறுக்கவில்லை. பதியம் போட்ட கன்று, அதனால் மூன்றாம் வருடமே நாலைந்து கொத்துக் காய்த்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு இலை, இலை, வெறும் இலைதான். மரம் என்னவோ ராசா மாதிரி வளர்ந்தது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம் போட்டபோது நாலு நாள் தண்ணீருக்குள் நின்றது. பப்பாசி முழுக்க வேரழுகி விழ, ஜம்பு ஒன்றும் நடக்காதது போல நின்றது. களிமண் வளவுக்காரர் இதைக் குறித்துக்கொள்ளலாம்: தண்ணீர் நின்று வடிகிற நிலத்தைத் தாங்கும் பழமரங்கள் அதிகம் இல்லை, ஜம்பு அதில் ஒன்று.

ஆனால் பூக்காத மரத்தை வைத்து என்ன செய்வது? வெட்டிவிட்டு எலுமிச்சை வைப்போம் என்று மனைவி சொல்லத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் அண்ணாவுக்குத் தோளில் சத்திரசிகிச்சை என்று செய்தி வந்தது. ஒத்தாசைக்கு என்று கூப்பிட்டார், விசாவும் கிடைத்தது. 2019 பங்குனிக் கடைசியில் ஸ்காபரோவில் போய் இறங்கினேன்.

நண்டு அப்பிளை நேரில் கண்டபோது, பட்டமரம் என்றே நினைத்தேன். ஓர் இலை இல்லை. கறுத்த கொப்புகள், அங்கங்கே போன வருடப் பழம் ஒன்றிரண்டு சுருங்கித் தொங்கியது. அடிமரத்தில் ஒரு முழ உயரத்துக்குக் கம்பிவலை சுற்றியிருந்தது. ஆட்டுக்காக்கும் என்று பார்த்தால், முயலுக்காம். பனி மூடிக் கிடக்கிற மாதங்களில் தின்ன வேறொன்றும் இல்லாமல் முயல் வந்து பட்டையைக் கொறிக்குமாம். சுற்றிவரக் கொறித்துவிட்டால் மரம் செத்துப்போகும். வலையைக் கழற்றிக் காட்டினார். பழைய பல் அடையாளம் ஒருபக்கம் தெரிந்தது.

அந்தக் கிழமையே கத்தரிக்கிற வேலை. பனி கரைந்து, மொட்டு விழிக்க முன்னர் செய்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். அவர் முன்படியில் கதிரை போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இருப்பார். நான் ஏணியில். வன்னியில் எனக்குத் தெரிந்த வெட்டு ஒன்றே ஒன்றுதான், வேலிக் கதியாலை மொட்டை அடிக்கிற வெட்டு. அந்தக் கையோடு இரண்டு கொப்பைச் சரித்துவிட்டேன்.

"டேய், இது கதியால் இல்லை. இறங்கு. முதல்ல மரத்தைச் சுத்தி நடந்து பார்."

சுற்றி நடந்து பார்த்தேன். குளிருக்குள் அரை மணித்தியாலம் அதற்கே போனது. அண்ணாவுக்கும் இது யாரும் வகுப்பு எடுத்துச் சொன்னதல்ல, முந்தின வருடங்களில் பிழையாக வெட்டிப் பட்டுத் தெளிந்ததுதான். முதலில் எடுக்க வேண்டியது காய்ந்தது, முறிந்தது, ஒன்றோடொன்று உரசிப் பட்டை தேய்ந்தது. இதில் யோசனைக்கு இடமில்லை. அடுத்தது அடியிலிருந்து வரும் தளிர்கள். அந்த மரம் ஒட்டுமரம். கீழே வேரோடு இருக்கிற ஒட்டுக்கட்டை ஓர் இனம், மேலே பூக்கிறது வேறோர் இனம். ஒட்டுக்குக் கீழே வெடித்து வருவதை விட்டால் கொஞ்ச வருடத்தில் கட்டையின் மரம் மேலெழுந்து, காசு கொடுத்து வாங்கின மரத்தை அமுக்கிவிடும். எங்கள் ஊரில் ஒட்டு மாங்கன்று வாங்கியவர்கள் பாதிப்பேர் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். பிறகு கன்று விற்றவரைத் திட்டுவார்கள். மூன்றாவது, கொப்புகளின் முதுகில் நட்டுக்குத்தாகக் கிளம்பும் தடிகள். ஒரே வருடத்தில் ஓராள் உயரத்துக்குப் போகும், பூவே வைக்காது, உள்ளே காற்றையும் வெளிச்சத்தையும் மறிக்கும்.

இவ்வளவும் எடுத்தபிறகு அண்ணா "காணும், விடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் வெட்டலாம் போலத்தான் இருந்தது. அடுத்த பூவுக்குரிய மொட்டு போன கோடையிலேயே அந்தக் கொப்புகளில் பிடித்துவிட்டது, இப்போது எடுக்கிற ஒவ்வொரு கொப்பும் ஒரு கொத்துப் பூ என்று சொன்னார். ஒரு வருடத்தில் மரத்தின் காற்பங்குக்கு மேல் எடுக்கவே கூடாதாம். எடுத்தால் மரம் பயந்துபோய் இன்னும் அதிகமாக அந்த நட்டுக்குத்துத் தடிகளைத் தள்ளும்.

வெட்டுகிற இடத்தையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கொப்பு தாய்மரத்தோடு சேருமிடத்தில் சின்னதாக ஒரு தடிப்பு, கழுத்துப்பட்டி மாதிரி இருக்கிறது. அந்தத் தடிப்பை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தடிப்பையும் சேர்த்துச் சீவினால் காயம் மூடாது. எட்டத்தில் வெட்டிக் கட்டையாக விட்டால் அது உக்கி, உக்கல் உள்ளே இறங்கும். பாரமான கொப்பென்றால் முதலில் அடிப்பக்கமாகக் கொஞ்சம் அரிந்துவிட்டுப் பிறகு மேலால் அரிய வேண்டும், இல்லாவிட்டால் விழுகிற கொப்பு பட்டையை உரித்துக்கொண்டு போகும். நாற்பது வருடம் கத்தி பிடித்த எனக்கு இது புதிது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமலே விட்டேன்.

வைகாசி நடுப்பகுதியில் ஒரு விடியற்காலை மரம் முழுக்க இளஞ்சிவப்பு மொட்டு. இரண்டு மூன்று நாளில் விரிந்து வெள்ளையானது. ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். கொப்பே தெரியாத அளவுக்குப் பூ, அதற்குள் தேனீக்களின் இரைச்சல். தெருவால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு சீனக் கிழவர் ஒவ்வொரு நாளும் பின்நேரம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். மொத்தம் பத்து நாள். பதினோராம் நாள் ஒரு மழை, எல்லாம் புல்லில். இந்தப் பத்து நாளுக்காகவா வருடம் முழுக்கப் பாடு என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

பூ முடிந்த கையோடு வருத்தங்கள் தொடங்கின. இரண்டு மூன்று தளிர்களின் நுனி கொக்கத் தடி போல வளைந்து, இலையெல்லாம் நெருப்பில் காட்டினது மாதிரிக் கருகித் தொங்கியது. இது பக்டீரியா வருத்தம். தேனீயும் மழைத்துளியும் பூ வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கருகின இடத்தில் வெட்டினால் போதாது, அதற்குக் கீழே நல்லாயிருக்கிற தடியிலும் ஓரடி சேர்த்து, மழை இல்லாத நாளில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை மதுசாரத்தால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் நாங்களே அடுத்த கொப்புக்குப் பரப்பிவிடுவோம். கோடை ஏற இலைகளில் பாசிநிறப் புள்ளிகள் வந்து, மஞ்சளாகி, ஆடிக்குள்ளேயே பாதி இலை கொட்டிவிட்டது. இது பூஞ்சணம். அது உதிர்ந்த இலையில் படுத்திருந்து குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த வருட மழையில் எழும்பித் திரும்பவும் மேலே போகும். ஆகவே உதிர்ந்ததைக் கூட்டி அள்ளுவதுதான் பெரிய மருந்து. இந்த வருத்தங்களைத் தாங்குகிற இனங்கள் இப்போது வந்திருக்கின்றன, வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், தன்னுடையது பழைய இனம் என்று அண்ணா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அள்ளிக்கொண்டே இருந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் பக்கத்து வளவுக்காரர் புல்லுக்குப் பசளை தூவிக்கொண்டிருந்தார். அண்ணா என்னைக் கூப்பிட்டு, தானும் முந்தி அப்படித்தான் மரத்தடி வரைக்கும் தூவினதாகச் சொன்னார். நைதரசன் கூடின பசளை. அடுத்த வருடம் மரம் கையளவு இலையும் நெடிய தளிருமாக வளர்ந்தது, பூ சொற்பம், அந்தப் பஞ்சுத் தளிரில்தான் கருகல் வருத்தம் முதன்முதல் பிடித்தது.

எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. யூரியாவும் நைதரசன் பசளைதானே. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வயலுக்கு யூரியா எறிந்துவிட்டு வரும்போது, வாளியில் மிஞ்சினதை நான் எங்கே கொட்டுகிறேன்? கிணற்றடியில்.

புரட்டாதி கடைசியில் நான் வெளிக்கிடும்போது பழமெல்லாம் சிவந்திருந்தது. பெரிய இலந்தைப்பழம் அளவு. இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த பழம் தருகிற அப்பிள் எல்லாமே கிராப் அப்பிள்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கடித்தேன், காது வரை புளித்தது. ஜாம் இறுக வைக்கிற பெக்டின் அதில் நிறைய இருப்பதால் ஜெலி போட நல்லதாம். "விதை கொஞ்சம் கொண்டு போறியோ?" என்று கேட்டார். எனக்கு ஆசைதான். ஆனால் அனுமதியில்லாமல் விதையோ கன்றோ நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சட்டமும் அதுதான். சட்டத்தை விடுங்கள், ஆறு மாதமாக அந்த மரத்தின் வருத்தங்களுக்குள் நின்றவன் நான். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஜம்புவைச் சுற்றி நடந்தேன். மனைவி ஒருமாதிரிப் பார்த்தார். ஏழு வருடமாகக் கண்ணில் படாதவை எல்லாம் அப்போது பட்டன. அடிமரத்தில் ஒரு முழத்துக்கு மண்ணும் சாணமும் அணைத்து வைத்திருந்தேன், கச்சானுக்கு அணைக்கிற பழக்கம். கிளறிப் பார்த்தால் உள்ளே பட்டை ஈரத்தில் ஊறிக் கறுத்து, ஒருபக்கம் கறையான் ஏறியிருந்தது. கனடாவிலும் இதே பிழையைக் கண்டிருந்தேன். மரத்தூளைக் கும்பமாக அடியில் குவித்துவிடுவார்கள், பார்க்க வடிவாக இருக்கும் என்று. வேர் விரிகிற இடம் நிலமட்டத்தில் காற்றுப்படத் தெரிய வேண்டும். சருகோ வைக்கோலோ பரப்புவதென்றால் நாலு விரல் கனத்துக்கு, அடிமரத்தை ஒரு சாண் தள்ளி, கொப்பு நிழல் விழுகிற வட்டம் வரை பரப்பலாம். மண்ணை விலக்கிக் காயவிட்டேன். ஒரு மாதத்தில் கறையான் விட்டுப்போனது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் புத்திசாலி. 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. வெளியே போக ஏலாது, வீட்டில் சும்மா இருக்கவும் ஏலாது, கையில் அண்ணா தந்துவிட்ட புதுக் கத்தரி. போன பங்குனியில் அங்கே வெட்டினோம், இது இங்கே பங்குனி, ஆகவே வெட்டலாம். இப்படித்தான் யோசித்தேன், சிரிக்க வேண்டாம். இரண்டு நாள் ஏறி நின்று உள்கொப்புகளை எல்லாம் எடுத்து வெளிச்சம் விட்டேன். கீழே விழுந்த கொப்பைப் பார்த்து அம்மா கேட்டார்: "இதென்னடா, குண்டுமணி மாதிரி?"

மொட்டு. ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு வைத்த கொஞ்ச மொட்டு.

அங்கே பங்குனி என்பது மரம் நித்திரை. இங்கே ஜம்புவுக்கு மாரி மழை ஓய்ந்து பூ எடுக்கிற காலம் அது. ஜம்புவின் பூ கொப்பு நுனியில் மட்டும் வருவதில்லை, உள்ளே இலையில்லாத பழைய கொப்பிலிருந்தும் கொத்தாக வரும். நான் "வெளிச்சம் விட" எடுத்ததெல்லாம் அந்தக் கொப்புகள்தான். ஜம்புவுக்குக் கத்தரிக்கிற நேரம் பழம் பறித்து முடிந்த உடனே. அப்போது வெட்டினால் மழைக்குள் தளிர்த்து, முற்றி, அடுத்த பூவுக்குத் தயாராகும். மாதப் பெயரைப் பார்க்காமல் மரம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். போதாததற்கு, நிழலில் இருந்த உள்கொப்புகள் திடீரென்று சித்திரை வெயிலில் பட்டு, மேற்குப்பக்கப் பட்டை வெடித்தது. சுண்ணாம்பைத் தண்ணியாகக் கரைத்துப் பூசினேன். அது வெயிலைத் திருப்பிவிடும். இப்போதும் உள்கொப்பைத் திறந்தால் அன்றைக்கே சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன்.

அதே ஊரடங்கில்தான் அப்பிள் பைத்தியமும் பிடித்தது. நண்டு அப்பிள் இல்லாவிட்டால் என்ன, கடை அப்பிளும் அதே சாதிதானே? மகன் தின்ற அப்பிளிலிருந்து எட்டு விதையை எடுத்து, ஈர மணலோடு ஒரு டப்பாவில் போட்டு, பிரிஜ்ஜில் மரக்கறித் தட்டில் வைத்தேன். அப்பிள் விதைக்கு இரண்டு மூன்று மாதம் ஈரக்குளிர் கிடைக்காவிட்டால் முளைக்க மனம் வராது. மனைவி அதை மூன்று தரம் வெளியே எறியப் பார்த்தார். ஆனிக் கடைசியில் ஐந்து விதை வெள்ளை வேர் விட்டிருந்தது. சாடியில் வைத்தேன். ஓரடி வரை வளர்ந்தன. அண்ணாவுக்குப் படம் அனுப்பிப் பெருமை அடித்தேன். பிறகு சோளகக் காற்று எழும்பி, அனல் வீசத் தொடங்க, இலை ஓரம் கருகி, ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று மட்டும் வேப்பமர நிழலில் அடுத்த வருடம் வரை உயிரை வைத்துக்கொண்டு நின்றது. வளரவும் இல்லை, சாகவும் இல்லை.

நின்றிருந்தாலும் பூத்திராது. பெரும்பாலான அப்பிள் இனங்களுக்கு வருடத்தில் 800 முதல் 1000 மணித்தியாலம் வரை, 7 பாகை செல்சியஸுக்குக் குறைந்த குளிர் வேண்டும். குளிர் குறைவாகப் போதும் என்கிற இனங்களுக்குக்கூட 200, 300 மணித்தியாலம் தேவை. கிளிநொச்சியில் மார்கழிப் பனிக்கு அம்மா காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு "உயிர் போகுது" என்று சொல்கிற விடியற்காலையிலும் 20 பாகைதான் இருக்கும். எங்கள் கணக்கில் ஒரு மணித்தியாலமும் தேறாது. அதோடு விதையில் வருகிற அப்பிள் தாயைப்போல இருக்கவும் மாட்டாது. நல்ல இனமெல்லாம் ஒட்டித்தான் வருகின்றன. வட்ஸ்அப்பில் "வீட்டிலேயே அப்பிள் வளர்க்கலாம்" என்று வருகிறதே, அதை நம்பிச் சாடி வாங்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

யூரியாக் கதைக்கு வருகிறேன். நிறுத்துவதென்று கனடாவிலேயே முடிவெடுத்தவன்தான். ஆனால் கை கேட்காது. வாளியில் ஒரு பிடி மிஞ்சினால் அதை எறிய மனம் வராது. 2021 வைகாசியில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. அந்தக் காலபோகத்தில் நாங்கள் பட்டது தனிக்கதை. நெற்பயிர் மஞ்சளடித்து நின்றது, வயல்காரர் எல்லோரும் வயிற்றில் அடித்துக்கொண்டோம். வயலுக்கே இல்லாத யூரியா ஜம்புவுக்கு எங்கே வரும்? அடுத்த தை மாசியில் நாட்டுக்கே காசு நெருக்கடி. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, பம்பு ஓடவில்லை, குளிப்பும் அளந்துதான். கிணற்றடி வாய்க்கால் ஏழெட்டு வருடத்தில் முதன்முறையாகக் காய்ந்து வெடித்தது. ஜம்பு இலையைத் தொங்கப்போட்டது. சரி, இதுவும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

2022 பங்குனியில் மரம் பூத்தது. அடியிலிருந்து நுனி வரை, கொப்பெல்லாம் கொத்துக் கொத்தாக. பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் பஞ்சம் செய்த வேலை. ஜம்பு பூவெடுக்க, மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் தண்ணீரில்லாமல் காய வேண்டும். நான் வருடம் முழுக்கக் குளியல் தண்ணீரும் யூரியாவும் கொடுத்து அதை நிரந்தரமாகக் குழந்தையாகவே வைத்திருந்திருக்கிறேன். அடுத்தடுத்த வருடங்களில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன். தைப்பொங்கல் முடிய, கிணற்றடி வாய்க்காலை மண் போட்டு மறித்து வாழைப்பக்கம் திருப்பிவிடுவேன். நாலைந்து கிழமை ஒரு சொட்டும் இல்லை. மொட்டு கண்ட நாளிலிருந்து திரும்பவும் விட்டு, பழம் பறிக்கும் வரை ஒருநாளும் காயவிடக் கூடாது. இடையில் காய்ந்து பிறகு ஊற்றினால் பிஞ்சு கொட்டும், பழம் வெடிக்கும். பசளை என்றால் பறித்தபிறகு கத்தரித்துவிட்டு மக்கின மாட்டெரு இரண்டு கடகம், அவ்வளவுதான். இரண்டு வருடமும் பூத்தது. வாழையும் கொழுத்தது, அம்மாவுக்கு அதில்தான் சந்தோசம்.

பூவைச் சொல்ல வேண்டும். வெண்மஞ்சளாக, இதழைவிடக் கேசரம்தான் அதிகம். இரண்டு நாளில் கேசரமெல்லாம் உதிர்ந்துவிடும். காலையில் எழும்பிப் பார்த்தால் கிணற்றடி முழுக்க, யாரோ நூறு தேங்காய் திருவிக் கொட்டினது மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் இதையும் ஏதோ ஓர் அப்பிள் என்றுதான் சொல்கிறார்கள். உறவுமுறையில் இது நாவலுக்கும் கொய்யாவுக்கும் சொந்தம், அப்பிள் றோசாவுக்குச் சொந்தம். மரங்களுக்குள் சம்பந்தம் இல்லை. ஆனால் பூ விழுந்து கிடக்கிற கோலம் ஒன்றுதான்.

முதல் விளைச்சலில் ஒரு பழமும் வாயில் வைக்கக் கிடைக்கவில்லை. வெளியே சிவந்து பளபளக்கும், பிளந்தால் உள்ளே புழு நெளியும். பழ ஈ. பழம் இளகுகிற நேரம் வந்து தோலைக் குத்தி முட்டை வைக்கும், புழு விழுந்த பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, திரும்ப ஈயாக வரும். அப்போதுதான் கனடாவில் இலை அள்ளினது ஞாபகம் வந்தது. நிலத்தில் கிடப்பதை விட்டுவைத்தால் வருத்தம் திரும்ப மேலே ஏறும். விழுந்த பழத்தை ஒவ்வொரு நாளும் பொறுக்கி, கறுத்தப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, ஒரு கிழமை வெயிலில் போடுகிறேன். புழு வெந்துவிடும். பசளைக் கிடங்குக்குள் அப்படியே கொட்டினால் ஈப்பண்ணை வைத்த மாதிரி.

மெதைல் இயூஜினோல் என்கிற, வாசத்தால் ஈயை இழுக்கிற மருந்து வைத்த பொறியும் சோடாப் போத்தலில் கட்டித் தொங்கவிட்டேன். போத்தல் நிறைய ஈ. ஆனால் அதற்குள் வருவது ஆண் ஈ மட்டும், முட்டை வைக்கிற ஆள் வெளியே சுதந்திரமாகத் திரியும். ஆகவே பொறியை மட்டும் நம்பக்கூடாது. கைகொடுத்தது பழைய நுளம்பு வலைதான். காய் பெருவிரல் அளவு வரும்போது கொத்தில் நாலைந்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கிள்ளிவிட வேண்டும், பிறகு வலைத்துண்டைப் பை மாதிரித் தைத்து மூடிக் கட்ட வேண்டும். வலை பழத்தில் ஒட்டிக் கிடந்தால் அதற்கு மேலாலும் குத்தும், ஆகவே தாராளமாகத் தைக்க வேண்டும். எட்டாத கொப்புகளை விட்டுவிட்டேன். அது கிளிக்கும் வௌவாலுக்கும். குரங்குக்கு மருந்து இல்லை. அது வலையை அவிழ்த்துப் பழத்தைத் தின்றுவிட்டு வலையையும் கொண்டுபோகும்.

பூ கொட்டி ஆறேழு கிழமையில் பழம். கடித்தால் தண்ணீர்தான், வைகாசி வெக்கைக்கு வேறென்ன வேண்டும். அயலில் இரண்டு பேர் கன்று கேட்டார்கள். மாரி தொடங்கப் பென்சில் மொத்தக் கொப்பில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வட்டமாக உரித்து, ஊறின தும்புச்சோறு வைத்துப் பொலித்தீனால் கட்டிவிட்டேன். இரண்டு மாதத்தில் வேர் தெரிய, கீழே அறுத்துக் கொடுத்தேன். வாய்க்கால் ஓரத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். இருவரும் வாய்க்கால் ஓரத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கும் மரத்துக்கும் ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. விடிய முற்றம் கூட்டாமல் அவர் தேத்தண்ணி குடிக்க மாட்டார். பூக்காலத்தில் கூட்டி முடித்துத் திரும்ப முன்னர் திரும்பவும் கொட்டியிருக்கும். "குப்பை மரம்" என்று ஏசிக்கொண்டே கூட்டுவார். இந்தப் பங்குனியில் ஒருநாள் எட்டு மணியாகியும் கிணற்றடி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. விளக்குமாறு வேம்பில் சாத்தியபடி நின்றது. அம்மா படியில் குந்தியிருந்தார். ஏதும் வருத்தமோ என்று பயந்து கிட்டப் போனால், கையில் என்னுடைய போன். திரையில் அண்ணா, அவருக்குப் பின்னால் யன்னலுக்கு வெளியே நண்டு அப்பிள், கொப்பெல்லாம் பனி. அம்மா போனைத் தலைகீழாகப் பிடித்து நிலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்திட்டியே? வடிவாப் பாத்திட்டியே?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தா, போனைப் பிடி. அவன் பாத்திட்டானாம். நான் கூட்டப்போறன்."